எமது முற்றத்துத் துளசி

கல்லூரி விழா மலர்களிலே பழைய மாணவர் வரையும் கட்டுரைகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒருவகை தமக்குக் கற்பித்த ஆசிரியர்களைப் பற்றியது. மற்றையது தாம் ஆடிய துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியது. ஆசிரியப் பெருமக்களைப் பற்றி எழுத எம்மிலும் வல்லார் பலர் உளர். துடுப்பாட்டமோவெனின், நாம் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கைகொட்டியதோடு சரி. ஆகவே இவ்விரண்டையும் விடுத்து, எமது வீட்டு முற்றத்திலே நிற்கும் செடியொன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

துளசி வளர்ப்பதற்கும் ஒரு கட்டுரை வேண்டுமோ, அது தானே முளைத்துத் தானே வளரும் செடியன்றோ என்று வாசகர் நகைத்தல் கூடும். முற்றத்தில் ஒன்று நின்றால் அடுத்த மாரியில் அதன் காலடியிற் பத்து முளைக்கும் என்பது உண்மையே. ஆனால் இன்று பல முற்றங்களுக்குச் சீமெந்து பூசியாயிற்று; எஞ்சியவற்றிற்குக் கல் பதித்தாயிற்று. உதிரும் விதை விழுவதற்கு மண் இல்லை. செடி இரண்டு மூன்று ஆண்டிலே தடித்து, விறகாகிப் பட்டுப்போனதும், நாற்றுப் பண்ணைக்குச் சென்று பொலித்தீன் பையில் நிற்கும் ஒன்றை வாங்கிவந்து மாடத்தில் வைத்துவிடுகின்றோம். அது குற்றமன்று. ஆயினும் அந்நாற்று எவ்வூர் வித்து, எவர் வீட்டிலிருந்து வந்தது என்பதை விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார். நாம் சொல்லப் புகுந்தது விதையிட்டு வளர்க்கும் துளசியைப் பற்றி.

நம்மவர் வீடுகளில் இருவகைத் துளசியைக் காணலாம். இலை முழுதும் பச்சையாயிருப்பதை வெண்டுளசி என்றும் இராம துளசி என்றும் கூறுவர். தண்டிலும் இலையிலும் கருஞ்சிவப்பு ஓடியிருப்பது கருந்துளசி. கிருஷ்ண துளசி என்பதும் அதுவே. தாவரநூலார்க்கு இரண்டும் ஓரினமே. சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ் 1753 ஆம் ஆண்டில் இதற்கு ஓசிமம் தெனுயிபுளோரம் என்று பெயரிட்டார். 1767 ஆம் ஆண்டில் அவரே ஓசிமம் சாங்டம் எனவும் பெயரிட்டார். சாங்டம் என்னும் இலத்தீன் சொல்லுக்குப் புனிதமானது என்பது பொருள். முந்திய பெயரே நிற்கும் என்பது தாவரநூலார் விதியாதலின், தாவரவியல் வகுப்பில் நாம் மனனஞ் செய்த சாங்டம் இன்று வழக்கொழிந்து வருகின்றது. புதினாவும் கற்பூரவள்ளியும் தும்பையும் இதன் உறவினங்கள். இளந்தண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தால் நான்கு முனைகள் தென்படும். இக்குடும்பத்துச் செடிகளுக்குப் பொதுவான அடையாளம் அது. இலையைக் கசக்கினாற் கராம்பின் மணம் கலந்து வருவதற்கு, கராம்பில் உள்ள யூஜினோல் என்னும் பொருளே இதிலும் இருத்தல் காரணமாகும். சிங்கள மக்கள் இதனை மதுருதலா என்பர். மதுரு என்பது அவர்கள் மொழியில் நுளம்பு.

திருநீற்றுப்பச்சை இதனின் வேறு. குளிர்களிக் கடைகளிற் பலூடாவினுள்ளே வழுவழுவென்று மிதக்கும் கரிய விதையைக் கசகசா என்று கூறி விற்கின்றனர். உண்மையில் அது நீரில் ஊறிப் பருத்த திருநீற்றுப்பச்சை விதை. பலூடாவை விரும்பிப் பருகும் மாணாக்கருள் எத்தனை பேர் இதை அறிவரோ!

சைவர் மிகுந்த யாழ்ப்பாணத்திலே வில்வத்துக்குள்ள இடம் வேறு, துளசிக்குள்ள இடம் வேறு. விநாயகருக்குத் துளசி சாத்துதல் ஆகாது என்பது மரபு. ஆவணிச் சதுர்த்தியில் மட்டுமே அதற்கு விலக்கு. எனினும், வல்லிபுரத்து ஆழ்வாரையும் பொன்னாலைப் பெருமாளையும் வணங்கித் தீர்த்தம் பெற்ற கையோடு வீடு திரும்பும் நம்மவர்க்குத் துளசியில்லாத முற்றம் முற்றமாகத் தோன்றுவதில்லை. இருமலுக்கும் தடிமனுக்கும் அதுவே முதல் மருந்து. உயிர் பிரியுங்கால் நாவில் விடும் நீரிலும் அதன் இலையே இடப்படும். இந்தக் கடைசிப் பயனைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

இனி விதைக்கும் முறை. துளசி விதை கடுகினும் மிகச் சிறியது. ஒரு சிட்டிகையில் நூற்றுக்கணக்கான விதை அடங்கும். எனவே அதை ஆழப் புதைத்தல் ஆகாது. விதையினுள்ளே உள்ள உணவு மிகச் சிறிதாகையால், அரை அங்குல மண்ணைத் துளைத்து மேலெழும் வலு முளைக்கு இல்லை. விதையை அதனிலும் நாலைந்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து தூவினால் ஓரிடத்திற் குவியாது பரவி விழும். பின்னர் உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, மேலே விதை மறைந்தும் மறையாமலும் இருக்கும் அளவுக்கு மணலைத் தூவினாற் போதும்.

மண் கலவைக்கு முற்றத்துச் செம்மண் ஒரு பங்கு, நன்கு உக்கிய மாட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு எடுத்து அரிதட்டில் அரித்துக்கொள்வது எமது வழக்கம். கடற்கரை மணலாயின் ஒரு மாரி முழுதும் நனைந்து உப்பு நீங்கியதாக இருத்தல் வேண்டும். கலம் எதுவாயினும் ஆகும். எமது அன்னையார் சிரட்டையின் கண்ணைத் துளைத்து அதில் விதைப்பார். எமது பேரப்பிள்ளைகள் யோகட் கோப்பையின் அடியில் ஊசியால் துளையிட்டு விதைக்கின்றனர். முளைத்தலில் யாதொரு வேறுபாடும் இல்லை. ஆனால் சிரட்டையைச் செடியோடு மண்ணிற் புதைத்துவிடலாம், சிறிது உடைத்து விட்டால் வேர் வெளியேறிக்கொள்ளும். கோப்பையை அவ்வாறு செய்தலாகாது.

நீர்விடுவதிலேதான் கருத்து வேண்டும். வாளியால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். கலத்தை நீருள்ள தட்டத்தில் வைத்து, ஈரம் அடியிலிருந்து ஏறி மேல்மண் கறுக்கும்வரை விட்டு, பின்னர் எடுத்துவிடுதல் நன்று. பூவாளி இருப்பின் அதன் வாயை வானோக்கித் திருப்பி, நீர் தூறலாய் விழும்படி தெளிக்கலாம். நமது கிணற்றுநீர் சுண்ணக்கல்லூடாக ஊறி வருவது. கேத்திலின் உள்ளே படியும் வெண்படையே அதற்குச் சான்று. துளசி அதைப் பொறுக்கும். உவர் ஏறிய கிணறுகளின் நீரைத்தான் பொறுப்பதில்லை. இலை நுனி கருகிவிடும்.

எறும்பை மறத்தலாகாது. விதைத்த இரவிலேயே எறும்பு வரிசை அமைத்து விதையைச் சுமந்து செல்லும். அதற்கு மருந்து தெளிக்க வேண்டியதில்லை. கலத்துக்கு ஒரு முழம் அப்பால் ஒரு பிடி குறுணலைத் தூவிவிட்டால், எறும்பு பெரும்பாலும் அதனோடு அமைந்துவிடும். இதனை எமக்குச் சொல்லித்தந்தவர் கீரை விதைக்கும் ஒரு தோட்டக்காரர்.

எட்டு நாள் முதற் பன்னிரண்டு நாளுக்குள் முளை தெரியும். முதலில் வரும் இரண்டு வித்திலைகளைக் கண்டு இது துளசிதான் என்று எவரும் துணிந்து கூற முடியாது. பூண்டுகளும் அவ்வாறே தோன்றும். அவற்றினிடையே முதல் இலைச்சோடி விரிந்ததும் விரலாற் தொட்டு முகர்ந்து பார்த்தால் ஐயம் தீரும். எமது வீட்டிலே அந்த முதல் மணத்தை அறிவதற்குப் பிள்ளைகளிடையே ஆண்டுதோறும் போட்டியுண்டு.

நாற்றுகள் நெருங்கி நின்றால் நாற்றழுகல் வரும். தண்டின் அடி நூல்போல் மெலிந்து, மாலையில் நிமிர்ந்து நின்றது காலையிற் சாய்ந்து கிடக்கும். மிகுந்த ஈரமும் காற்றோட்டமின்மையும் சேருமிடத்தே இப்பூஞ்சண நோய் பரவும். ஆதலின் நலிந்தவற்றைக் கிள்ளிவிட்டு விரலிடை விட்டு நிறுத்தல் வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மழையில் விதைப்பதை நாம் விரும்பாமைக்கு இதுவும் ஒரு காரணம். தைப்பொங்கல் கழிந்ததும் விதைத்தால், ஆறு வாரத்தில், மாசி நடுவில், நாலைந்து சோடி இலையோடு நாற்று நடுவதற்கு ஆயத்தமாகும். பங்குனி வெயில் முதிருமுன் வேரூன்றிவிடும். மாலை வேளையில் ஒன்றரை அடி இடைவெளி விட்டு நட்டு, மூன்று நாளுக்கு ஒரு கிடுகுத் துண்டைச் சாய்த்து நிழல் செய்தாற் போதும்.

எமது முற்றத்தில் இன்று நிற்கும் துளசியின் வித்து எமது ஊர் வித்தன்று. அது தென்மராட்சியிலிருந்து வந்தது. வந்த வரலாற்றை இங்கே கூறல் வேண்டும்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வீடுவாசல்களை விட்டு நாவற்குழி வழியே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தமையை இம்மலரைப் படிக்கும் பலருக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இன்றைய மாணாக்கர் அன்று பிறந்திலர். அவர்கள் பொருட்டு இவ்வளவு மட்டும் கூறுவோம்: மழை பெய்துகொண்டிருந்தது, வீதியிலே அடிபெயர்த்து வைக்க இடமில்லாத நெரிசல், சில மைல் தூரத்தைக் கடக்க இரவு முழுதும் சென்றது. எமது ஆச்சியைத் துவிச்சக்கரவண்டியின் பின்னே இருத்தி, இருபுறமும் இருவர் தாங்கியபடி உருட்டிச் சென்றோம். காணி உறுதிகளை எடுத்தோம். கல்விச் சான்றிதழ்களை எடுத்தோம். ஒரு சாக்கில் அரிசி எடுத்தோம். முற்றத்துத் துளசியை எவரும் எண்ணவில்லை.

தென்மராட்சியில் ஒரு பாடசாலையின் வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள் இருந்தோம். வாங்குகளை நிறுத்தி எல்லை வகுத்துக்கொண்டோம். கார்த்திகை மாதத்து ஓரிரவில் ஆச்சிக்கு மூச்சு வாங்கத் தொடங்கிற்று. இனி வைத்தியத்துக்கு ஒன்றுமில்லை என்பதை அனைவரும் அறிந்திருந்தோம். துளசியிட்ட நீர் ஒரு வாய் கொடுக்க வேண்டும் என்று அன்னையார் கூறினார். எமது முற்றத்திலே இடுப்பளவுக்கு நின்ற செடி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கை மழையிற் கொண்டுசெல்ல முடியாது. இருளிலே அடுத்த ஒழுங்கையிற் புகுந்து, படலை தெரிந்த முதல் வீட்டில் நின்று அழைத்தோம்.

வந்தவர் முதிய அம்மையார் ஒருவர். காரியத்தைக் கூறினோம். பொழுதுபட்ட பின்னர்த் துளசி பறித்தல் ஆகாது என்னும் நியமம் எமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். செடியின் முன் சிறிது நேரம் பேசாது நின்றார். பின்னர், “போற சீவனுக்கு இரவென்ன பகலென்ன, தம்பி” என்று கூறி, இரு கையும் கூப்பித் தொழுது, கொப்பொன்றை முறித்தார். நாம் இலையை மட்டும் கிள்ளிக்கொள்ள முயன்றபோது தடுத்து, “கதிரோடை கொண்டுபோங்கோ. ஊருக்குத் திரும்பேக்கை விதைக்கலாம்” என்றார். ஊருக்குத் திரும்புதல் என்னும் சொல்லை அந்நாட்களில் எம்மிடம் சொன்னவர் அவர் ஒருவரே.

ஆச்சி அந்நீரைப் பருகினார். விடியுமுன் அவருடைய உயிர் பிரிந்தது. அவர் பிறந்து, மணந்து, பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து பன்னிரண்டு மைலுக்கு அப்பால், எவருடையதோ ஓர் ஊரின் சுடலையில் எரியூட்டினோம். கதிரின் மேற்பாதி பச்சையாகவும், அடிப்பாதி முற்றிப் பழுப்பாகவும் இருந்தது. துளசிக்கதிர் அடியிலிருந்தே முற்றும். அன்னையார் அதை நிழலில் உலர்த்தித் தமது திருநீற்றுப் பையினுள் வைத்துக்கொண்டார்.

1996 ஆம் ஆண்டு சித்திரையில் வீடு திரும்பினோம். கதவுகள் இல்லை, ஓடுகள் பாதி இல்லை, முற்றத்திற் புல் முழங்காலளவு நின்றது, துளசி மாடம் கவிழ்ந்து கிடந்தது. கிணற்றை இறைத்துச் சுத்தஞ் செய்தபின், அன்னையார் முதலில் ஓர் உடைந்த சட்டியில் மண்ணிட்டு அக்கதிரைக் கசக்கித் தூவினார். சோளகக் காற்று வீசத் தொடங்கும் காலம், விதைப்புக்கு ஏற்றதன்று. அவர் அதைக் கேட்கவில்லை. சட்டியைக் குசினியின் சுவரோரத்தில் வைத்து, ஈரச் சாக்கினால் அண்டைகட்டிக் காத்தார். முளைத்தவை 17; வெயிலுக்குத் தப்பியவை 6. தென்மராட்சி மணலில் வளர்ந்த இனமாயினும் எமது செம்மண்ணிலே குறையின்றி எழுந்தது. தண்டு கருமை கூடியது; இலை சற்றே ஒடுங்கியது; கராம்பு மணம் மிகுந்தது. அயல் வீட்டாரின் வெண்டுளசியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து நாம் அறிந்துகொண்டது இது.

2000 ஆம் ஆண்டிலே போர் தென்மராட்சிக்குச் சென்றது. அன்று எமக்கு இடந்தந்தோர் தாமே இடம்பெயர்ந்தனர். சாவகச்சேரி நகரம் பெரிதும் அழிந்தது. 2002 ஆம் ஆண்டு பெப்ரவரியிற் போர்நிறுத்தம் ஏற்பட்டபின், அன்னையாரின் வற்புறுத்தலால், நான்கு நாற்றுகளைச் சிரட்டையோடு ஒரு கடகத்தில் வைத்து எடுத்துக்கொண்டு அந்த ஒழுங்கையைத் தேடிச் சென்றோம். வேலிகள் இல்லாமையால் ஒழுங்கையைக் கண்டுபிடித்தலே அரிதாயிற்று. தலையிழந்த தென்னைகள் நின்றன. வீடிருந்த அத்திவாரத்தின்மேல் தகரக் கொட்டிலொன்றில் அவ்வம்மையார் இருந்தார்.

அவருக்கு எம்மை நினைவில்லை. அந்த மாரியில் எத்தனை பேர் அவர் படலையில் நின்று என்னென்ன கேட்டனரோ! நாம் விவரங் கூறியும் தலையசைத்தாரேயன்றி, அறிந்தவர்போற் பேசவில்லை. நாற்றொன்றை எடுத்து, தண்டை விரலால் உருட்டி, இலையைக் கசக்கி முகர்ந்தார். அவருடைய வளவிலே முன்னிருந்த செடிகளுள் ஒன்றேனும் எஞ்சவில்லை. முன்வளவில் மிதிவெடி அகற்றும் வேலை முடியாதபடியால் கிணற்றடியிலே நடச்சொன்னார், நட்டோம். “தண்ணி நான் பார்த்துக்கொள்ளுறன், நீங்கள் பொழுதுபட முன்னம் வெளிக்கிடுங்கோ” என்றார். தேநீர் தர வகையில்லையே என்று மட்டும் வருந்தினார்.

ஆண்டுதோறும் விதைத்தல் ஏன் என்று கேட்போர் உளர். போத்தலில் அடைத்துப் பேணினாற் போதாதோ என்பது அவர்கள் வினா. துளசி விதையை உலர்த்தி, ஈரம் புகாத போத்தலில், வெயில் படாத இடத்தில் வைத்தாற் சில ஆண்டு இருக்கும் என்பது மெய்யே. ஆனால் நமது வெப்பத்திலும் மாரிக்கால ஈரக்காற்றிலும் முளைக்குந் திறன் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகும். செடியும் நெடுங்காலம் இராது. ஆகவே விதையையும் நம்பியிருக்க முடியாது, செடியையும் நம்பியிருக்க முடியாது. அன்னையார் இருந்தவரை தையில் விதைத்தார். அவருக்குப்பின் நாம் விதைக்கின்றோம்.

விதை எடுப்பதற்கு நல்ல செடிகள் இரண்டை விட்டு, ஏனையவற்றின் கதிரைத் தோன்றுந்தோறும் கிள்ளிவிடுவோம். கிள்ளினால் பக்கக் கிளை வெடித்துச் செடி அடர்ந்து நிற்கும். விதைக்க விட்ட செடி விரைவில் முதிரும். கதிர் முக்காற்பங்கு பழுப்பானதும் அரிந்து, தாளின்மேல் நான்கு நாள் நிழலில் உலர்த்தி, உள்ளங்கைகளுக்கிடையே கசக்குதல் வேண்டும். ஒவ்வொரு பூவின் புல்லிக்கிண்ணத்திலும் நான்கு விதைகள் வரை இருக்கும். சுளகிற் புடைத்தால் விதையும் பறந்துவிடும்; தட்டத்தைச் சற்றே சாய்த்து, வாயால் மெல்ல ஊதினால் உமி நீங்கும். வெண்டுளசியும் கருந்துளசியும் அருகருகே நின்றாற் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடுதல் கூடும். இனம் மாறாமை வேண்டுவோர் விதைச்செடியைத் தனியே நிறுத்துக.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் விதை அனுப்புமாறு எழுதியுள்ளனர். விதைகளைத் தபாலில் அனுப்புதற்கும் பயணப்பொதியிற் கொண்டுசெல்லுதற்கும் அந்நாடுகளிற் கட்டுப்பாடுகள் உண்டு. அவற்றை அறிந்தபின் எழுதுவாராயின் நன்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் யன்னலோரத்துத் தொட்டியில் துளசி வளர்த்து, உறைபனி காலத்தில் வீட்டினுள்ளே வெம்மையிற் காப்போர் எமது உறவினருள்ளும் இருக்கின்றனர். அங்கே வெப்பமான மாதங்களிலேதான் விதைத்தல் வேண்டும். குளிர்ந்த மண்ணில் விதை அழுகும்.

ஊரில் உள்ளோர்க்கு இத்தொல்லை இல்லை. சென்ற ஆவணியில் எடுத்த விதை இரண்டு சிறு போத்தல்களில் இருக்கின்றது. வேண்டும் மாணாக்கரும் ஆசிரியர்களும் தைப்பொங்கலுக்கு அடுத்த வாரத்தில் எமது வீட்டுக்கு வரலாம். சிரட்டையொன்றை அவர்களே கொண்டுவருக. மண்ணும் உக்கிய எருவும் நாம் தருவோம்.